ஏறாத குதிரையும் ஏழாம் வாய்ப்பாடும்

“மூவேழு இருபத்தொண்ணு. நாலேழு இருபத்தெட்டு. ஐயேழு…”

அந்த இடத்தில் பூபுசாரா நிறுத்திக்கொண்டார். கறுப்புக் குதிரை ஒரு முன்னங்காலை மட்டும் ஏறுபலகையில் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தது. அவர் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் தோளுக்குப் பக்கத்தில், அது பார்க்கும் திசையையே பார்த்தபடி, பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். பிடிகயிறு தொய்ந்து கிடந்தது. குதிரை குனிந்து பலகையை முகர்ந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. அடுத்த காலையும் எடுத்து வைத்தது.

“…முப்பத்தஞ்சு” என்று முடித்துவிட்டு அதன் கழுத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

ஆத்பாஷி என்ற மலையூரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், தெற்குக் கோடியில், மண்ணைக் குவித்து மேடாக்கிய ஓர் இடம் உண்டு. லாரிகளும் டிரெய்லர்களும் பின்பக்கமாக வந்து அந்த மேட்டை ஒட்டி நிற்கும். கைமாறிய குதிரைகள் அங்கிருந்துதான் வண்டியேறிப் புது வீட்டுக்குப் போகவேண்டும். பாதிக் குதிரைகள் பேசாமல் ஏறிவிடும். மீதிப் பாதிக்குப் பூபுசாரா.

வயது அறுபத்தொன்று. குள்ளமான, நல்ல அகலமான பெண்மணி. பஞ்சு வைத்துத் தைத்த நீலக் கோட்டு, ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ், பின்னந்தலையில் முடிச்சிட்ட வெள்ளைத் துணி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து, அந்த இடத்தில் குதிரைவால் மயிரைத் திரித்துக் கட்டியிருக்கிறார். முப்பத்து நான்கு வருடம் மூன்றாம் வகுப்புக்கு வாத்தியாராக இருந்தவர். அதனால் சந்தையில் பாதிப் பேருக்கு அவர் இன்னமும் டீச்சர்தான். அறுபது குதிரை வைத்திருக்கும் வியாபாரிகூட, அவர் வருவதைப் பார்த்தால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்.

“மறைச்சா மட்டும் போதாது, ஜூனுஸ். புகை மேல போகுது பாரு.”

“சளிக்கு, டீச்சர்.”

“மூணாங் கிளாஸ்லயும் உனக்கு எப்பவும் சளிதான்.”

மேட்டுக்கு ஏறும் வழியில் பழைய அலுமினியப் பால் கேன் ஒன்று நிற்கிறது. மேலே வருகிறவர்கள் சாட்டையை அதில் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். சில ஞாயிறுகளில் அதில் பதினைந்து, இருபது சாட்டைகள் குடை மாதிரி செருகிக் கிடக்கும். போட மறுத்தவர்கள் இரண்டொருவர் உண்டு. பூபுசாரா அவர்களோடு சண்டை போடுவதில்லை. மேட்டைவிட்டு இறங்கி, கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கத் தொடங்கிவிடுவார். கொஞ்ச நேரத்தில் பால் கேனில் சாட்டை விழும் சத்தம் கேட்கும்.

வாய்ப்பாட்டுக்கும் கணக்கு உண்டு. பயம் தெரியாத குட்டிகளுக்கு ஐந்தாம் வாய்ப்பாடு. மற்ற எல்லாவற்றுக்கும் ஏழு. ஏன் ஏழு என்று கேட்டால், “அஞ்சு பாட்டு மாதிரி ஓடிரும், வாய் தானா வேகம் எடுத்துக்கும். ஏழை யோசிச்சுத்தான் சொல்லணும். நான் நிதானமா யோசிச்சா அதுவும் நிதானமா யோசிக்கும்” என்பார். உள்ளடங்கிய, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். குதிரை பின்னால் நகர்ந்தால் குரல் நிற்காது, கயிறும் இறுகாது. அவரும் கூடவே பின்னால் நடப்பார். முன்னால் ஓர் அடி வைத்தால் மட்டும் உடனே எல்லாம் ஓய்ந்துவிடும். குரல், கயிறு, கை எல்லாம். “அதுக்கு அதுதான் மிட்டாய்.” சந்தைக்காரர்கள் குதிரையின் பிடிவாதத்தை இப்போது இதை வைத்துத்தான் அளக்கிறார்கள். போன மாதம் நரீன் ஊர்க்காரர் ஒருவர் வாங்கிய வெள்ளைக் குதிரை, ஏழு போதாமல் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் ஏறியதாம். அதை வாங்கியவர் இன்றைக்கும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார்.

வண்டி வந்ததும் அவர் முதலில் குதிரைப் பக்கம் போவதே இல்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்வார். வண்டிக்கும் மேட்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்ப்பார். விரல் நுழைந்தால்கூட வண்டி மறுபடி பின்னால் வரவேண்டும். அதற்குமேல் பலகை, பலகைக்குமேல் தடிமனான பழைய கம்பளம். “தகரத்துல கால் வெச்சா டம்முனு சத்தம் வருது. கீழ குழி இருக்குன்னு அது நினைக்குது. உனக்குக் குழின்னு தோணினா நீ கால் வைப்பியா?” அந்தக் குதிரை கட்டிக்கிடந்த இடத்திலிருந்து ஒரு கை வைக்கோலும் சாணமும் அள்ளி வந்து உள்ளே தூவுவார். முன்பக்கச் சின்னக் கதவைத் திறந்து வெளிச்சம் விடுவார். இருட்டுப் பெட்டிக்குள் தலையை நீட்டச் சொன்னால் யார் நீட்டுவார்கள்? கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் ஆளைக் கண்டால் மட்டும் வகுப்பறைக் குரல் வெளியே வரும். “விரல் அஞ்சும் வேணுமா வேணாமா?” பின்னால் குறுக்குக் கட்டையைப் போடாமல் யாரும் முன்னால் தலையைக் கட்டக்கூடாது. கட்டை போடுகிறவன் பக்கவாட்டில் நிற்கவேண்டும், குதிரைக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது. அவர் வாயைத் திறக்காமலேயே இந்த இரண்டும் இப்போது நடக்கின்றன.

“முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வர்ற பிள்ளையும் இப்படித்தான்” என்பார். “கையைப் புடிச்சு இழுத்தா வாசல்லயே படுத்துக்கும். அம்மா கொஞ்சம் தள்ளி நின்னு, நீ உன் பாட்டுக்குக் கரும்பலகையத் துடைச்சுட்டு இரு. எட்டிப் பார்க்கும். பார்த்தா வரும்.”

அவர் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் வரை, இந்த மேட்டில் அவர் ஒற்றை ஆளும் இல்லை. அவருக்கு ஒரு தம்பி. எசென்குல், ஒன்பது வயது இளையவன். சின்ன வயதில் இருவரும் ஒரே குதிரையில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். அக்கா முன்னால், தம்பி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால். ஆற்றைத் தாண்டும்வரை இரண்டாம் வாய்ப்பாடு, பாப்ளார் மரங்கள் வரும்வரை மூன்றாம் வாய்ப்பாடு. தப்பாகச் சொன்னால் அக்காவின் முழங்கை பின்னால் வந்து விலாவில் இடிக்கும். ஏழாம் வாய்ப்பாடு வந்த குளிர்காலத்தில் தம்பியின் விலா கன்றிப்போய்விட்டது என்று அவர்கள் அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

வளர்ந்த தம்பிக்குப் பந்தயக் குதிரைப் பித்து. வைக்கோல் நிறத்தில், முதுகில் கறுப்புக் கோடு ஓடிய ஓர் ஆண் குதிரை அவனிடம் இருந்தது. கோடையில் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கே பந்தயம் என்றாலும் வாடகை லாரி பிடித்துப் போவார்கள். ஓட்டுநர் பக்கத்தில் இடம் இருந்தாலும் பூபுசாரா உட்காரமாட்டார். திறந்த லாரியில், குதிரைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. கம்பளிக் காலுறையில் சுற்றிய பாட்டிலில் தேநீர். காற்றில் குதிரையின் பிடரி இருவர் முகத்திலும் அடிக்கும். எசென்குல் சுருதியே இல்லாமல் பாடுவான். குதிரை காதைப் பின்னால் மடக்கும். “பாரு, அதுக்கே பொறுக்கல” என்று அக்கா சிரிப்பார். கணவாயைத் தாண்டி முதல் தடவை ஏரி கண்ணில் படும்போது மட்டும் அவன் பாட்டை நிறுத்துவான். அந்த இடம் வந்துவிட்டது என்பது, கண்ணை மூடியிருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஏரிக்கரையில் குதிரையைக் குளிப்பாட்டிவிட்டு, ஒரு தர்பூசணியை மூன்றாக வெட்டுவார்கள். மூன்றாவது பங்கு யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை. இந்தச் சந்தையில் இன்றைக்கும் தர்பூசணி வெட்டும் வாசனை வந்தால் பூபுசாரா கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறார்.

அந்தக் குதிரை ஓர் ஆகஸ்ட் மாதக் காலையில், இதே மேட்டில், ஏறமாட்டேன் என்றது.

நேரம் ஆகிவிட்டிருந்தது. மதியம் பந்தயம். எசென்குல் முன்னால் தலையைப் பிடித்திருந்தான். பின்னால் இருந்தவர்களைக் குதிரையின் பின்தொடையில் கயிறு கொடுத்து இருபக்கமும் இழுக்கச் சொன்னவர் பூபுசாரா. வேறு யாரும் இல்லை. “இன்னும் இழுங்க!” என்று கத்தியதும் அவர்தான். குதிரை எம்பியது. பின்னங்கால் ஒன்று லாரிக்கும் மேட்டுக்கும் இடையே இருந்த இடைவெளியில் இறங்கியது. ஒரு சாண் அகலம்கூட இருக்காது. எலும்பு ஒடிவது பெரிய சத்தம் இல்லை. காய்ந்த குச்சியைக் காலால் மிதிக்கிற மாதிரிதான். ஆனாலும் அன்று சந்தைக்கு வந்திருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

கத்தியை எசென்குல் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கால் ஒடிந்த குதிரையைத் தானே முடித்துவைத்தான். சேணத்தை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனான்.

அடுத்த ஞாயிறு பூபுசாரா மண்வெட்டியோடு தனியாக வந்தார். மேட்டின் ஓரத்தை வெட்டி நேராக்கினார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். பதினோரு வருடமாக வந்துகொண்டிருக்கிறார். இந்தப் பதினோரு வருடத்தில் தம்பி அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணங்களில் ஒரே விரிப்பில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் சாவுக்கு ஒரே கூடாரத்தில் அழுதார்கள். ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் தம்பி மனைவி ஜிபார் நடுவில் இருந்து பேச்சை வாங்கிக் கொடுப்பாள். “அக்காவுக்கு ரொட்டி வேணுமான்னு கேக்கிறாரு.” “வேண்டாம்னு சொல்லு.” ரொட்டி இருவருக்கும் நடுவில்தான் இருக்கும்.

இந்த வருடம் அக்டோபர் கடைசி ஞாயிறு, அந்த ஜிபார் சந்தைக்கு வரவில்லை.

எசென்குல் வந்தான். அவன் பிடித்து வந்தது ஒரு பெண் குதிரை. வைக்கோல் நிறம், முதுகில் கறுப்புக் கோடு. செத்துப்போன குதிரையின் கடைசிக் குட்டி. அது செத்த அடுத்த வசந்தத்தில் பிறந்தது. அவனுக்கு முழங்கால் போய்விட்டது. மலைமேய்ச்சலுக்கு இனி ஏற முடியாது. கொச்கோரிலிருந்து வந்த ஷார்ஷென் என்ற இளைஞன், தன் மந்தைக்கு நல்ல தாய்க் குதிரை வேண்டும் என்று அதைப் பேசி முடித்தான். கையைக் குலுக்கியதும் எசென்குல் ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தான். குதிரையின் தோல் தலைக்கயிற்றைக் கழற்றித் தன் அங்கிக்குள் செருகிக்கொண்டான். குதிரையைக் கொடுக்கலாம், தலைக்கயிற்றைக் கொடுக்கக்கூடாது. அதோடு வீட்டின் செழிப்பும் போய்விடும். வண்டி கிளம்பும் முன்னால் குதிரையின் வாயில் வழியும் எச்சிலையும் அங்கி ஓரத்தில் துடைத்து வைத்துக்கொள்வார்கள். அதுவும் செழிப்புதான்.

ஷார்ஷென் புதுசாக ஒரு நைலான் தலைக்கயிற்றை மாட்டினான். விறைப்பான, கடை வாசனை அடிக்கும் நீலக் கயிறு. குதிரை தலையை உதறியது. புதுக் கயிறு, புது மனிதன், எதிரே நாலாபுறமும் மூடிய ஒரு தகரப் பெட்டி. மேட்டின் நடுவிலேயே நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது.

பூபுசாரா அப்போது மேட்டின் மறுமுனையில் இன்னொருவரின் செவலைக் குதிரையை ஏற்றி முடித்திருந்தார். திரும்பிப் பார்த்தார். முதலில் அந்த நிறம் கண்ணில் பட்டது. பிறகு தம்பி. பிறகு, ஷார்ஷெனோடு வந்த இரண்டு பேர் டிரெய்லருக்கு அடியிலிருந்து ஒரு நீளமான கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பது.

“பின்னாடி குடுத்து இழுத்தா ஒரு நிமிஷம்” என்றான் ஷார்ஷென். “தோலோன் கணவாய்ல மத்தியானம் பனி கொட்டுமாம். அதுக்குள்ள தாண்டியாகணும்.”

எசென்குல் அங்கிக்குள் இருந்த தலைக்கயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டான். முகம் சாம்பலாகிப்போயிருந்தது. கைமாறிய குதிரை. இனி அதன் விஷயத்தில் பேச அவனுக்கு வாய் இல்லை.

பூபுசாரா வந்து நின்றார். குதிரைக்கும் கயிற்றுக்கும் நடுவில் இல்லை. தம்பியிடமிருந்து இரண்டு கை தூரத்தில்.

“தம்பி, உன் பேர் என்ன? ஷார்ஷெனா? இந்தக் குதிரைய வளர்த்தவர்கிட்ட கேளு, நான் அது கிட்ட வரலாமான்னு.”

ஷார்ஷென் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “அவருதான் இங்கயே நிக்கிறாரே டீச்சர்.”

“கேளுன்னா கேளு.”

“அண்ணே, இவங்க கிட்ட வரலாமான்னு—”

“காதுல விழுந்துச்சு” என்றான் எசென்குல், ஷார்ஷெனைப் பார்த்து. “எந்தக் கயித்தோட வராங்கன்னு கேளு.”

“டீச்சர், எந்தக் கயித்தோட—”

“கயிறே வேண்டாம்னு சொல்ல வரேன்னு சொல்லு. அந்த ரெண்டு பேரையும் அதைச் சுருட்டி வண்டிக்குள்ள எறியச் சொல்லு.”

“யாருகிட்ட சொல்லணும் டீச்சர், இப்ப?”

“அவங்ககிட்டடா!”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். கயிறு வண்டிக்குள் போனது. எசென்குல் தரையைப் பார்த்தபடி, “வரட்டும்” என்றான்.

பூபுசாரா வண்டியை ஒரு கை அளவு பின்னால் வரவைத்தார். இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பலகை போட்டு, கம்பளத்தை விரித்து, அதன் நான்கு மூலையையும் காலால் மிதித்துப் பார்த்தார். அந்த வேலையை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் செய்தார். பிறகு நீலக் கயிற்றைப் பிடித்துக் குதிரையின் தோள் பக்கம் நின்றார். கழுத்தைத் தொட்டபோது உள்ளங்கைக்கு அடியில் தோல் துடித்தது. இதன் அப்பன் குதிரைக்கும் இப்படித்தான் துடிக்கும்.

“ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு.”

குதிரை ஓர் அடி வைத்தது. நீலக் கயிறு கன்னத்தில் உரசியதும் தலையைத் தூக்கிப் பின்னால் போனது. அவரும் போனார். மறுபடி வந்தார்கள். மறுபடி போனார்கள். மூன்றாவது தடவை ஒரு குளம்பு கம்பளத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

“ஷார்ஷென், அவர்கிட்ட கேளு, பழைய தலைக்கயிறைத் தருவாரான்னு. இந்தக் கயிறு அதுக்கு யாருன்னே தெரியாது. தெரியாத ஆள் கூப்பிட்டு இருட்டுக்குள்ள யாரு போவாங்க?”

ஷார்ஷென் திரும்பும் முன்பே பதில் வந்தது. “கொடுத்த குதிரைக்கு வீட்டுத் தலைக்கயிறை மாட்டி விட்டா, வீட்டுல அப்புறம் என்ன மிஞ்சும்னு கேளு. ஏற்கெனவே என்ன மிஞ்சியிருக்குன்னும் கேளு.”

இதை ஷார்ஷென் திருப்பிச் சொல்லவில்லை.

“ஏறுற வரைக்கும் போதும்” என்றார் பூபுசாரா. குரல் இறங்கிவிட்டது. “உள்ள போனதும் நானே கழட்டிக் கொண்டாந்து கையில குடுக்கிறேன்னு சொல்லு.”

எசென்குல் அங்கியை இழுத்து மூடிக்கொண்டான். மலைப் பக்கம் வானம் பஞ்சு நிறமாகிக்கொண்டு வந்தது. ஷார்ஷெனின் ஆட்கள் வண்டிக்குள் கிடந்த கயிற்றை ஒருமுறை பார்த்தார்கள். பூபுசாராவும் அதைப் பார்த்துவிட்டார். குதிரையின் தோளுக்குத் திரும்பினார்.

“நாலேழு இருபத்தெட்டு. ஐயேழு முப்பத்தஞ்சு.” கால் கம்பளத்தில். “ஆறேழு நாப்பத்திரண்டு. ஏழேழு நாப்பத்தொம்பது.” இரண்டாவது கால் தயங்குகிறது. “எட்டேழு அம்பத்தி… அம்பத்திநாலு.”

“அம்பத்தாறு.”

சொன்னது எசென்குல். ஷார்ஷெனிடம் இல்லை. யோசிக்காமல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. சொன்னதோடு வலது கை தானாகத் தன் விலாவை மறைத்துக்கொண்டது.

முப்பத்து நான்கு வருடம் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த டீச்சர் அதில் தப்புச் செய்ததை அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள். வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார் என்று ஜூனுஸ் இன்றைக்கும் அடித்துப் பேசுகிறார். பக்கத்தில் நின்றவர்கள் இல்லவே இல்லை என்கிறார்கள்.

“அம்பத்தாறு” என்றார் பூபுசாரா. திரும்பிப் பார்க்கவில்லை.

எசென்குல் நொண்டியபடி வந்தான். அங்கிக்குள்ளிருந்து தலைக்கயிற்றை எடுத்தான். தேய்ந்து கறுத்த தோல், வேர்வை வாசனை. நீலத்தைக் கழற்றிவிட்டு அதை அவனே மாட்டினான். காதுகளை ஒவ்வொன்றாக மடக்கி வெளியே எடுத்துவிட்டான். குதிரை தலையைத் தாழ்த்தி அவன் மார்பில் நெற்றியைத் தேய்த்தது. பிடிகயிற்றை அவன் அக்காவின் கையில் கொடுத்தான்.

“முன்பக்கச் சின்னக் கதவைத் திறந்து அங்க நிக்கணும், வெளிய. அதுக்கு முகம் தெரியணும்” என்றார் பூபுசாரா, பொதுவாக, காற்றைப் பார்த்து. ஷார்ஷென் வாயைத் திறப்பதற்குள் எசென்குல் வண்டியைச் சுற்றிப் போயிருந்தான். பெட்டியின் மறுகோடியில் ஒரு சதுரம் வெளிச்சமானது. வெளிச்சத்தில் அவன் முகம்.

ஒன்பதேழு அறுபத்துமூன்றுக்கு முன்னங்கால் இரண்டும் உள்ளே. எழுபதுக்குப் பின்னங்கால்கள். கம்பளத்தில் குளம்புச் சத்தமே எழவில்லை. பூபுசாரா அந்தப் பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் பலகையைத் தாண்டி வைக்கோலில் ஊன்றிய பிறகுதான் மூச்சு விட்டார்.

“ஏறிடுச்சு! கட்டையைப் போடுங்கடா!” என்று கத்தினான் ஷார்ஷென்.

“போடாதே” என்றார் பூபுசாரா. குதிரையை அப்படியே மெல்லப் பின்னால் நடத்தி வெளியே கொண்டு வந்துவிட்டார்.

ஷார்ஷென் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஐயோ டீச்சர்! ஏறினதை ஏன் இறக்கினீங்க? கணவாய்… பனி…”

“ஏறிடுச்சுன்னு உனக்குத் தெரியும். இறங்கவும் முடியும்னு அதுக்குத் தெரியணுமே.”

இரண்டாவது தடவை வாய்ப்பாடே தேவைப்படவில்லை. குதிரை தானாக நடந்து உள்ளே போய் வைக்கோலில் வாயை வைத்தது. பக்கத்தில் நின்றபடி ஜூனுஸ் கட்டையைப் போட்டார். அதன் பிறகுதான் பூபுசாரா தலையைக் கட்டினார். பழைய தலைக்கயிற்றுக்குமேல் நீலத்தை மாட்டி, அடியிலிருந்த பழையதை மெதுவாக உருவினார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குதிரை அவசரப்படவில்லை. பயம் விட்டுப்போன குதிரைகள் செய்வதுபோல வாயை அசைத்து, நாக்கைச் சுழற்றி, அவருடைய கோட்டுக் கையைப் பல்லில் கவ்விச் சவைத்துக்கொண்டிருந்தது. பூபுசாரா கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெளியே நின்றவர்களுக்கு அவர் முகம் தெரியவில்லை. அவர் அதன் காதில் என்ன சொன்னார் என்பதும் கேட்கவில்லை. வாய்ப்பாடு இல்லை, அவ்வளவுதான் தெரிந்தது.

சின்னக் கதவு வழியாக இறங்கி, தலைக்கயிற்றை எசென்குலின் கையில் வைத்தார். கதவைச் சாத்தினார். ஷார்ஷென் எஞ்சினைக் கிளப்பினான்.

அப்போதுதான் எசென்குல் திடுக்கிட்டான். “இரு இரு. தம்பி, நிறுத்து. எச்சில் துடைக்கல. கதவைக் கொஞ்சம் திற.”

“திறக்கக் கூடாது” என்றார் பூபுசாரா. இந்தத் தடவை காற்றைப் பார்த்து இல்லை, அவனைப் பார்த்து. “எஞ்சின் ஓடுது. அது இப்பதான் மனசு வெச்சு நிக்குது. இப்ப திறந்தா வெளிய பாய்ஞ்சிரும்.”

எசென்குல் அவரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். கூட்டத்தில் ஒரு கிழவர், செழிப்பை யாராவது வண்டியேற்றி அனுப்புவார்களா என்று முணுமுணுத்தார். ஷார்ஷென் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, எது என்றாலும் சீக்கிரம் சொல்லும்படி கெஞ்சினான்.

“போ” என்றான் எசென்குல்.

டிரெய்லர் மேட்டைவிட்டு நகர்ந்தது. உள்ளே உதை இல்லை, கனைப்பு இல்லை. சந்தை வாசலில் திரும்பும்போது பின்கதவின் மேல் இடுக்கு வழியாக வைக்கோல் நிற வாலின் நுனி ஒருமுறை தெரிந்தது. அக்காவும் தம்பியும் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக, நடுவில் ஒரு குதிரை நிற்கும் இடம் விட்டு நின்றார்கள். கூட்டம் கலைந்தது. முதல் பனித்துகள்கள் கம்பளத்தில் விழத் தொடங்கின.

பூபுசாரா கம்பளத்தைச் சுருட்டக் குனிந்தார். அவருடைய நீலக் கோட்டின் வலது கை முழங்கைவரை ஈரமாகி, பச்சைப் புல் நுரையோடு பளபளத்துக்கொண்டிருந்தது.

எசென்குல் நடுவில் விட்டிருந்த அந்தக் குதிரை இடத்தைக் கடந்து வந்தான். குனிந்திருந்த அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். தன் அங்கியின் ஓரத்தை எடுத்து, அந்த ஈரக் கையை மேலிருந்து கீழாக, விரல் நுனிவரை துடைத்தான். மறுபடியும் துடைத்தான். ஈரம் எல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.